ஒச்சம்மாவின் வலது கை

ஜனவரி 6, ஞாயிறு

முகாம் ஆரம்பம். காலை ஐந்தரைக்கே மைதானத்தில் இருந்தேன். கிளம்பும்போது அண்ணி, "பேஸ்பால்னா கிரிக்கெட்டு மாதிரிதான?" என்று கேட்டார். ஏழு வருடமாக இதே கேள்வி, நானும் ஏழு வருடமாக ஒரே பதில். மேட்டில் நின்று பிச்சர் எறிவாள். எதிரணிக்காரி மட்டையால் அடிக்கப் பார்ப்பாள். அடிக்குத் தப்பி வரும் பந்தை, அவளுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து நான் பிடிப்பேன். என் வேலைக்குப் பெயர் கேட்ச்சர். "அப்ப ஒனக்கு உக்காந்த எடத்துல வேலை" என்றார் அண்ணி. என் முழங்கால்கள் இரண்டையும் ஒரு நாள் அவருக்கு மாட்டிவிட வேண்டும்.

பிப்ரவரியில் நாந்தேடில் தேசியப் போட்டி. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி பதக்கம் வாங்கினால், விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். எனக்கு வயது இருபத்தைந்து. அடுத்த வருடம் வரம்பு தாண்டிவிடும். எனக்குத் தெரிந்த விஷயத்தை எனக்கே ஏன் எழுதிக்கொள்கிறேன் என்று தெரியவில்லை.

சாமான் அறைச் சுவரில் கோச் இன்னாசி சார் படங்கள் ஒட்டியிருக்கிறார். சை யங், வால்டர் ஜான்சன், சாச்சல் பெய்ஜ், சாண்டி கூஃபாக்ஸ், நோலன் ரையன். அத்தனை பேரும் அமெரிக்காவின் பெரிய பிச்சர்கள். அவர்கள் எறிந்ததைப் பிடித்தவன் ஒருவன்கூட அந்தச் சுவரில் இல்லை. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளைத் தோழனாவது எல்லாப் படத்திலும் இருப்பான், பெயர்தான் யாருக்கும் தெரியாது. எங்களுக்கு அதுவும் கிடையாது.

ஜனவரி 9, புதன்

எங்கள் பிச்சர் ஒச்சம்மா. உசிலம்பட்டிப் பக்கம். பள்ளியில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவளை இன்னாசி சார் பிடித்து வந்து ஐந்து வருடம் ஆகிறது. என்னைவிட இரண்டு வயது சின்னவள். அவள் பந்து என் க்ளவுஸில் விழுகிற சத்தத்துக்கு, மைதானத்தைச் சுற்றி நடக்கிற பெரியவர்கள் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். சுவரில் இருப்பவர்களில் அவளுக்குப் பெய்ஜைத்தான் பிடிக்கும். ஐம்பத்தொன்பது வயதில் கடைசியாக ஒரு பெரிய ஆட்டத்தில் எறிந்தவர். "நானும் கெழவியாகுற வரைக்கும் எறிவேன் ரெஜிக்கா. நீங்க பேரனத் தூக்கிட்டு வந்து பிடிக்கணும்" என்கிறாள்.

சார் இன்று எல்லாரையும் உட்காரவைத்து அவருடைய சட்டத்தை மறுபடி சொன்னார். ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிந்ததும் அவர் பிச்சரிடம் கை எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டார். பிச்சரிடம் கேட்டால் பொய்தான் வரும். கேட்ச்சரைப் பார்த்துத் தாடையை உயர்த்துவார். நான் மார்புக் கவசத்தை இரண்டு தட்டு தட்டினால் கை நன்றாக இருக்கிறது. முகக்கம்பியைக் கழற்றினால் ஆளை மாற்று.

"ரெஜினா சொல்லுறதுதான் எனக்கு வேதவாக்கு" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 18, வெள்ளி

பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் ஒச்சுவின் பந்தில் ஏதோ குறைந்திருக்கிறது. முதல் இருபது பந்து சரி. அதற்குப் பிறகு பந்து தாழ்ந்து வருகிறது. தண்ணீர்க் குழாய் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன்.

"முழங்கை உள்பக்கம் சுருக்குனு இழுக்குதுக்கா. ராத்திரி தலையில கை வச்சுப் படுக்க முடியல."

"எத்தன நாளா?"

"தீவாளிக்கு அப்பறம். சாருகிட்ட சொல்லிறாதீங்க. ஒரு மாசம் ஒக்கார வச்சுருவாரு. இந்த வருசம் மெடல் இல்லேன்னா எங்கய்யா என்னைய எறிய விடமாட்டாரு."

சொல்லமாட்டேன் என்றேன். அவளுக்காகத்தான். வேறு பிச்சர் யார் இருக்கிறார்கள்? வினோலியா இருக்கிறாள், பத்தொன்பது வயது, பத்துப் பந்தில் ஆறு எங்கோ போகும். கேட்டால் மேடு சரியில்லை என்பாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

திரும்பி வரும்போது அண்ணிக்கு ரேஷன் கடையில் பாமாயில் வாங்கினேன். சர்க்கரை இல்லையாம்.

ஜனவரி 21, திங்கள்

கேட்ச்சர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு வேலை இருக்கிறது. பந்தை க்ளவுஸின் வலைப் பகுதியில் வாங்கினால் கைக்கு நோகாது, சத்தமும் வராது. உள்ளங்கைக்கு நேரே, க்ளவுஸைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வாங்கினால் வெடி மாதிரி சத்தம் வரும். மெதுவான பந்துகூட வேகமான பந்துபோலக் கேட்கும்.

இன்னாசி சார் வேகம் அளக்கும் கருவி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனவர். காதால்தான் அளக்கிறார். ஒரு பக்கம் மட்டைக்காரிகளுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே, இந்தப் பக்கம் காதை வைத்திருப்பார்.

இன்று ஐம்பது பந்தும் உள்ளங்கையில் வாங்கினேன்.

"ஒச்சு இன்னைக்கு நல்லாப் போடுறா" என்றார் சார்.

ஜனவரி 24, வியாழன்

இடது உள்ளங்கை வீக்கம். ரோஸ்மில்க் கடையில் ஐஸ் வாங்கி வைத்தேன்.

ஜனவரி 28, திங்கள்

வீக்கம் வடியவில்லை. தலை வாரிக்கொள்ள முடியவில்லை, அண்ணிதான் பின்னிவிட்டார். "யாரோ எறியிறதுக்கு ஒன் கை ஏன்டி வீங்குது?" என்றார். அண்ணிக்கு ஆட்டம் தெரியாது, ஆனால் கேள்வி கேட்கத் தெரியும்.

மதியம் கூஃபாக்ஸைப் பற்றி போனில் படித்தேன். கடைசி சீசனில் இருபத்தேழு ஆட்டம் ஜெயித்துக் கொடுத்துவிட்டு, முப்பது வயதிலேயே விலகிவிட்டார். முழங்கை மூட்டு தேய்ந்துபோயிருந்தது. மிச்ச வாழ்க்கையில் கையைப் பயன்படுத்த வேண்டும் என்று விரும்பினார் என்று போட்டிருந்தது. இதை ஒச்சுவிடம் காட்டலாம் என்று நினைத்தேன். போட்டி நெருங்கும் நேரத்தில் மனசைக் கலைப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 2, சனி

ரயில். மாறி மாறி ஏறி இறங்கி நாந்தேட் போய்ச் சேர ஒன்றரை நாள். புளிசாதம், தக்காளித் தொக்கு, சப்பாத்தி. ஒச்சு மேல் படுக்கைக்கு ஏற இடது கையை மட்டும் பயன்படுத்தினாள். சார் பார்த்தாரா என்று திரும்பினேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 6, புதன்

இரண்டு ஆட்டம், இரண்டும் வெற்றி. ஒச்சு எழுபத்தெட்டு பந்து, எழுபத்து மூன்று பந்து. ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிந்ததும் சார் தாடையை உயர்த்தினார். ஒவ்வொரு முறையும் இரண்டு தட்டு தட்டினேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். சோறு நிறைய இருந்தால் மறைக்கலாம் போலிருக்கிறது.

பிப்ரவரி 8, வெள்ளி

அரையிறுதியில் தோல்வி. நாளை மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். ஜெயித்தால் வெண்கலம். தோற்றால் ஒரு பங்கேற்புச் சான்றிதழ், அதை வைத்துப் பஜ்ஜி மடிக்கலாம்.

ஒச்சுவின் முழங்கையில் சூடு இருக்கிறது. நானே தொட்டுப் பார்த்தேன்.

பிப்ரவரி 9, சனி

வெண்கலம். நாலுக்கு மூன்று.

கடைசி இன்னிங்ஸில் மேட்டுக்குப் போய் ஒச்சுவுக்குத் தைரியம் சொன்னேன். அவ்வளவுதான். கண் சொருகுகிறது.

பிப்ரவரி 11, திங்கள்

திரும்பும் ரயிலிலேயே எல்லார் போனிலும் ஒரு படம் வந்துவிட்டது. யாரோ உள்ளூர்ப் புகைப்படக்காரர் எடுத்தது. மேட்டின்மேல் நானும் ஒச்சுவும். என் இரண்டு கையும் அவள் வலது கையைப் பொத்திப் பிடித்திருக்கின்றன. 'தோழியின் கரம் தந்த தெம்பு' என்று தலைப்புப் போட்டு ஏதோ குழுவில் பகிர்ந்திருக்கிறார்கள். வினோலியா அதைத் தன் ஸ்டேட்டஸில் வைத்து அழுகைப் பொம்மை போட்டிருக்கிறாள்.

ஒச்சு வண்டி கிளம்பியதிலிருந்து ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள். கையைத் துப்பட்டாவில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். சுளுக்கு என்கிறாள். சுளுக்காகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 15, வெள்ளி

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். சாரும் நானும் கூடப் போனோம். முழங்கை உள்பக்கத் தசைநார் முழுக்கக் கிழிந்திருக்கிறது. இது ஒரே நாளில் கிழிந்ததில்லை, பாதிக்கு மேல் பழையது, மிச்சம் அன்றைக்குப் போயிருக்கிறது என்றார் டாக்டர். அன்றாட வேலைகளுக்குப் பழுதில்லை, எறிவதை மறந்துவிடுங்கள் என்றார்.

வெளியே பெஞ்சில் சார் ஒச்சுவைப் பார்த்துக் கத்தினார். "வலிச்சா சொல்ல மாட்டியா நீ? ரெஜினா ஒங்கிட்ட கேக்கலையா?"

ஒச்சு தலையைத் தூக்கவில்லை. "ரெஜிக்கா கேட்டாங்க சார். ஒவ்வொரு இன்னிங்ஸும் கேட்டாங்க. நான்தான் முடியும்னேன்."

நான் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனேன்.

மார்ச் 3, ஞாயிறு

சர்ச்சுக்குப் போனேன். தவக்காலம் நெருங்குவதால் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நின்றது. பாதி வரிசையில் வீட்டில் இட்லிக்கு ஊறப்போட்டது ஞாபகம் வந்து திரும்பிவிட்டேன்.

மார்ச் 22, வெள்ளி

பதக்கச் சான்றிதழ் வந்தது. அன்றே விண்ணப்பம் போட்டேன். ஒச்சுவும் போட்டிருக்கிறாள். இளநிலை உதவியாளர் வேலை. மேசை வேலைக்கு முழங்கை எதற்கு, கிடைத்துவிடும் என்று போனில் சொன்னேன். "ம்" என்றாள்.

டாமி ஜான் என்ற பிச்சரைப் பற்றியும் சொன்னேன். அவருக்கும் இதே தசைநார்தான் போனது. இன்னொரு கையிலிருந்து நார் எடுத்து வைத்துத் தைத்தார்கள். அதற்குப் பிறகு நூற்று அறுபதுக்கு மேல் ஆட்டம் ஜெயித்தார்.

"அவரத் தேத்துறதுக்கு ஒரு கிளப்பே இருந்துச்சுக்கா. எனக்கு எங்கய்யாதான் இருக்காரு. அவரு காட்டுல இருக்காரு" என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை.

இன்னாசி சார் அந்த மேட்டுப் படத்தைச் சட்டம் போட்டுச் சாமான் அறையில் மாட்டியிருக்கிறார். கடைசியில் ஒரு கேட்ச்சரும் சுவரில் ஏறிவிட்டாள். அந்த அறைக்கு நான் போவதில்லை.

ஜூன் 12, புதன்

அழைப்புக் கடிதம். எனக்கும் ஒச்சுவுக்கும். சான்றிதழ் சரிபார்ப்போடு களத் தேர்வும் உண்டு. எந்த ஆட்டத்துக்கு எந்த இடத்தில் ஆடியதாக விண்ணப்பித்தோமோ அதைச் செய்து காட்ட வேண்டும். பதக்கத்தை விலைக்கு வாங்கி வருகிறவர்களைத் தடுக்க இந்த ஏற்பாடாம்.

பிச்சர் என்றால் பத்துப் பந்து.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

களத் தேர்வு நடந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் முறை முதலில் முடிந்தது. க்ளவுஸைக் கழற்றப் போனபோது தேர்வு அதிகாரி, "ஏம்மா, அடுத்தது பிச்சர். நீயே பிடிச்சுக் குடுத்துரு" என்றார். ஒச்சு வந்தாள். அணிச் சீருடையைத் தேய்த்துப் போட்டிருந்தாள். கடிதம் வந்த நாளிலிருந்து வீட்டில் யாருக்கும் தெரியாமல் சுவரில் எறிந்து பழகியதாக அப்புறம் சொன்னாள்.

நான் குத்தவைத்து உட்கார்ந்தேன். உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். எலும்பே உடைந்தாலும் சத்தம் வரவைத்துவிடுவேன் என்று நினைத்தேன்.

முதல் பந்து தரையில் பட்டு உருண்டு வந்தது. இரண்டாவது பந்து பாதி வழியில் விழுந்தது. சத்தம் உண்டாக்க முதலில் பந்து வந்து சேர வேண்டுமே. மூன்றாவது எறிந்தபோது அவள் முகம் போன போக்கைப் பார்த்து நான் எழுந்துவிட்டேன். மிச்ச ஏழு பந்தும் கூடையில் இருந்தன. ஒச்சு அதிகாரிக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு மரத்தடியில் கிடந்த செருப்பை மாட்டினாள்.

"பதக்கம் வாங்குன புள்ளையா இது?" என்றார் அதிகாரி பக்கத்திலிருந்தவரிடம். "அடுத்து வாங்க."

ஆகஸ்ட் 7, புதன்

பிப்ரவரி 9 அன்று எழுதாததை இன்று எழுதுகிறேன்.

ஏழாவது இன்னிங்ஸ், கடைசி. நாலுக்கு மூன்று என்று நாங்கள் முன்னால் இருந்தோம். இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருத்தியை வீழ்த்தினால் பதக்கம். ஒச்சு ஒரு பந்தை எறிந்துவிட்டு மேட்டிலேயே குனிந்து நின்றாள். நான் ஆட்டத்தை நிறுத்தக் கேட்டு மேட்டுக்குப் போனேன்.

அவள் பந்தை என் க்ளவுஸுக்குள் வைத்தாள்.

பேஸ்பாலில் பிச்சர் மேட்டில் நின்று பந்தைக் கையளித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் இறங்குகிறேன். மாநில ஆட்டமோ அமெரிக்க ஆட்டமோ, எல்லாருக்கும் அது ஒன்றுதான். அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். முகக்கம்பியைக் கழற்ற வேண்டியதுதான் பாக்கி. வினோலியா வெளியே கையை உதறிக்கொண்டு நின்றாள். வினோலியா வந்தால் தோற்போம். தோற்றால் எனக்கு வயது தாண்டிவிடும். அவ்வளவையும் நான் யோசித்தேன். எதுவும் தெரியாமல் செய்யவில்லை.

பந்தை எடுத்து அவள் கையில் திருப்பி வைத்தேன். அவள் விரல்களை மடக்கி என் இரண்டு கையாலும் மூடினேன். "ஒண்ணே ஒண்ணு" என்றேன். திரும்பி நடக்கும்போது சார் தாடையை உயர்த்தினார். இரண்டு தட்டு தட்டினேன்.

ஒண்ணே ஒண்ணு இல்லை. நாலு பந்து எறிந்தாள். நாலாவதில் மட்டைக்காரி மூன்றாம் முறையாகக் காற்றை வெட்டினாள், மூன்று முறை தவறினால் அவுட். என் க்ளவுஸில் வெடிச் சத்தம். எல்லாரும் ஓடிவந்து ஒச்சுவைத் தூக்கினார்கள். அவள் அலறியதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இன்னாசி சாரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம், தட்டு, பந்து. அவர் மட்டைகளுக்கு நாடா சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றுவதை நிறுத்தவில்லை.

"நானும் கேட்ச்சர்தான் ரெஜினா. பன்னெண்டு வருசம் குத்தவச்சவன். பந்து தாழ்ந்து வருது, சத்தம் மட்டும் கூடுது. எனக்கு அது என்னன்னு தெரியாதா?"

"அப்ப ஏன் சார் மாத்தல?"

"நீ தட்டுன. எனக்கு அது போதுமா இருந்துச்சு." அடுத்த மட்டையை எடுத்துக்கொண்டு, "இருபது வருசத்துல மொத மெடலு" என்றார்.

இவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எந்த வாயால் திட்டுவேன்? சுவரில் அந்தப் படம் அப்படியே தொங்கியது. கழற்றிவிடுங்கள் என்று கேட்டேன். கழற்றினார்.

செப்டம்பர் 3, செவ்வாய்

பணி ஆணை வந்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும். அண்ணி பால் பாயசம் வைத்தார். அண்ணன் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். ஒச்சுவின் பெயர் பட்டியலில் இல்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

உசிலம்பட்டி போனேன். ஒச்சு பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு செல்போன் கடையில் வேலை செய்கிறாள். நான் போனபோது மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இடது கையால் எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

வழியெல்லாம் யோசித்து வைத்த எதுவும் வரவில்லை. நேராகச் சொன்னேன். "அன்னைக்கு நீ பந்தக் குடுத்த. நான் தெரிஞ்சேதான் திருப்பிக் குடுத்தேன். ஒனக்காக இல்ல ஒச்சு. எனக்கு வேல வேணும்னு."

"தெரியும்" என்றாள்.

"எப்பத் தெரியும்?"

"அப்பவே. அஞ்சு வருசமா கம்பிக்குள்ள ஒங்க மூஞ்சியத்தான பாத்து எறிஞ்சேன்."

"பெறகு ஏன் சாருகிட்ட அப்பிடிச் சொன்ன?"

அவள் ஒரு போனுக்குக் கண்ணாடித் தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒட்டி முடித்துக் குமிழைத் தேய்த்துவிட்டுத்தான் பேசினாள். "திருப்பிக் குடுத்தீங்க. நானும் வாங்கிக்கிட்டேன்ல? எனக்கும் வேணும்னுதான வாங்குனேன். ஒங்களச் சொன்னா, என்னையும் சேத்துச் சொல்லணும். எனக்குத் தெம்பு இல்ல."

வேலையில் சேரப்போவதில்லை, எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். ஐந்து வருடத்தில் அவள் என்னிடம் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன்.

"எழுதிக் குடுத்தா? ஒடனே எங்கை நேராயிருமா? நல்லவங்கன்னு பேரு வாங்கிட்டு வீட்டுல ஒக்காந்துக்கிருவீங்க. அதையும் நான் பாக்கணுமா?" குரல் தாழ்ந்துவிட்டது. "நான் மன்னிச்சுட்டேன்னு மட்டும் நெனச்சுக்கிராதீங்க. மன்னிக்கல. ஆனா வேலையில போய்ச் சேருங்க. நீங்களும் போகலேன்னா எங்கை சும்மா போன மாதிரி ஆயிரும்."

அக்கா என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சார்ஜர் கேட்டு ஒருவர் வந்தார். அவள் எழுந்து போனாள். நான் ஸ்டூலைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்ததும் சேலை தேய்த்தேன். சான்றிதழ்களை வரிசைப்படி அடுக்கிவைத்தேன். நாளை காலை பத்து மணிக்குச் சேர வேண்டும். அவள் போகச் சொன்னதால் போகிறேன் என்று இங்கே ஒரு வரி எழுதினேன். எழுதிவிட்டு அடித்துவிட்டேன். எனக்கு இந்த வேலை வேண்டும். அதனால்தான் போகிறேன்.